1947 உலகத் தொடர், நாலாவது ஆட்டம்: ரைசருக்கு வாக் கொடுத்தது தப்பா?

#1 புள்ளியட்டை

உலகத் தொடர் என்பது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர். 1947 அக்டோபர் 3, புரூக்ளின், டாட்ஜர்ஸின் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டு. யாங்கீஸ் 2, டாட்ஜர்ஸ் 1. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப் பாதி, அதாவது டாட்ஜர்ஸ் பேட் பிடிக்கும் பாதி, இரண்டு அவுட். யாங்கீஸ் பிட்சர் பில் பெவன்ஸ் அதுவரை ஒரு ஹிட் கூட (அடித்துப் பேஸை எட்டும் அடி) கொடுக்கவில்லை. உலகத் தொடரில் அன்றுவரை யாரும் நோ-ஹிட்டர், அதாவது ஹிட்டே கொடுக்காத ஆட்டம், வீசியதில்லை. இன்னும் ஒரே ஒரு அவுட்.

இரண்டாவது பேஸில் அல் ஜியான்ஃப்ரிடோ, மட்டையோடு பீட் ரைசர், எண்ணிக்கை 3 பால் 1 ஸ்டிரைக். (மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். எல்லைக்கு வெளியே போகும் பந்து ‘பால்’, நாலு பால் ஆனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவார், அதுதான் வாக்.) யாங்கீஸ் மேனேஜர் பக்கி ஹாரிஸ், நாலாவது பாலை வெளியே வீசி ரைசரை முதல் பேஸுக்கு அனுப்பச் சொன்னார். வெற்றி ரன்னை, அதாவது ஹோமை எட்டினால் எதிரணியை ஜெயிக்க வைக்கும் ஆளை, நாமே பேஸில் ஏற்றக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் பால பாடம். அதை மீறியதுதான் தோல்விக்குக் காரணம் என்று அன்றிலிருந்து எழுதி வருகிறார்கள். அடுத்து வந்த குக்கி லாவஜெட்டோவின் அடியில், ரைசருக்குப் பதிலாக ஓட வந்த எடி மிக்சிஸ்தான் வெற்றி ரன்னாகவும் ஆனார். முடிவு டாட்ஜர்ஸ் 3, யாங்கீஸ் 2.

ஹாரிஸ் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டம் வேறு இடங்களில் நழுவியது. ஆட்டக் குறிப்பை வைத்தே பேசுவோம்.

#2 நடுக்களம்

முதலில் ரன் எப்படி வந்தது என்று வரிசையாகப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் ஆளாளுக்கு ஒன்பதாவது இன்னிங்ஸிலேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

முதல் இன்னிங்ஸ், யாங்கீஸ்: டாட்ஜர்ஸின் ஹாரி டெய்லர் அந்த வருடப் புதுமுகம், முழங்கை வலியோடு இறங்கியவர். ஸ்டர்ன்வைஸ் சிங்கிள் (ஒரு பேஸ் ஹிட்), ஹென்ரிக் சிங்கிள். பெர்ரா தரையோடு அடித்ததை ராபின்சன் எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், ரீஸ் கையில் நிற்கவில்லை. பேஸ் மூன்றும் நிறைந்தது. டிமாஜியோவுக்கு வாக், ஒரு ரன் உள்ளே. நாலு பேரைச் சந்தித்து ஒருவரைக்கூட அவுட் எடுக்காமல் டெய்லர் வெளியேறினார். உள்ளே வந்த ஹால் கிரெக், மெக்குவினை உயரே தூக்க வைத்தார், பில்லி ஜான்சனை டபுள் பிளேயில் (ஒரே அடியில் இருவர் அவுட்) முடித்தார். நோ அவுட், பேஸ் மூன்றும் நிறைந்த நிலையிலிருந்து மேற்கொண்டு ரன்னே இல்லை. என்னைக் கேட்டால் டாட்ஜர்ஸ் பிழைத்தது அங்கேதான்.

நாலாவது: ஜான்சன் டிரிபிள் (மூன்று பேஸ் ஹிட்), லிண்டல் டபுள் (இரண்டு பேஸ் ஹிட்). 2-0.

ஐந்தாவது, டாட்ஜர்ஸ்: ஜார்கென்சனுக்கு வாக், அடுத்து பிட்சர் கிரெக்குக்கே வாக். ஸ்டாங்கி பண்ட் (மட்டையை வீசாமல் மெதுவாகத் தட்டும் அடி) தட்டி இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். ரீஸ் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு அடிக்க, ஜார்கென்சன் ஹோம் வந்தார். 2-1. ஹிட் எதுவும் இல்லாமல் ஒரு ரன்.

#3 கணக்கப்பிள்ளை

ரெண்டாவது போஸ்ட்ல உள்ள கடைசி வரிதான் முழு ஆட்டமும். பெவன்ஸ் அன்னைக்குக் கொடுத்த வாக் மொத்தம் 10. உலகத் தொடர்ல ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துல அதுவரைக்கும் அவ்வளவு கொடுத்ததில்ல. ஹிட் இல்லங்கிறதால எல்லாரும் அவர் பிரமாதமா வீசினதா நினைக்கிறாங்க. எதிரணி ஆளுங்க இன்னிங்ஸ் இன்னிங்ஸா பேஸ்ல நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க. டாட்ஜர்ஸ் பேஸ்லயே விட்டுட்டுப் போனது 8 பேர்.

நோ-ஹிட்டர் வேற, ஒருத்தரைக்கூட பேஸ் ஏற விடாத பெர்ஃபெக்ட் கேம் வேற. நோ-ஹிட்டர்ல வாக், எரர் (ஃபீல்டர் செய்யற பிழை) எல்லாம் வரலாம், ரன்கூட வரலாம், ஆட்டத்தையே தோக்கலாம். பெவன்ஸ் வீசினது வேகமான பந்துதான், ஆனா ஸ்டிரைக் எல்லைக்குள்ள அடிக்கடி நிக்கல. அந்த வருஷம் அவர் கணக்கு 7 வெற்றி, 13 தோல்வி. லீக்ல முதல்ல வந்த டீம்ல இருந்துக்கிட்டு இந்தக் கணக்கு.

#4 மூன்றாம்அம்பயர்

வாக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இன்னிங்ஸில் டிமாஜியோ முதல் பேஸில் நிற்கிறார். மெக்குவின் அடித்தது ஹோம் பிளேட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. கேட்சர் எட்வர்ட்ஸ் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தது தவறி ரைட் ஃபீல்டு பக்கம் ஓடியது. மூன்றாவது பேஸ் கோச் சக் டிரெசன் டிமாஜியோவை நிறுத்தாமல் ஹோமுக்கு அனுப்பினார். டாட்ஜர்ஸின் ரைட் ஃபீல்டர் டிக்ஸி வாக்கர் பந்தை எடுத்து எறிய, டிமாஜியோ ஹோமில் அவுட்.

அதை நிறுத்தியிருந்தால் இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள். அந்த ஒரு ரன் வந்திருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-1. ஜியான்ஃப்ரிடோவின் ரன்னுக்கு மதிப்பே இருந்திருக்காது, அவர் பேஸ் திருட (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) ஓடியிருக்கவும் மாட்டார். டிரெசன் அதற்கு முந்தைய வருடம் டாட்ஜர்ஸிலேயே கோச்சாக இருந்தவர். வாக்கரின் கை எப்படி என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

#5 கொழும்புத்துறை

எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஒன்பதாவதின்ரை மேல் பாதியிலை யாங்கீசுக்கு பேஸ் மூண்டும் நிறைஞ்சு ஒரு அவுட் எண்டு வாசிச்சன். அதிலை ஏன் ஒரு ரன்னும் வரேல்லை? அங்கை ரெண்டு ரன் வந்திருந்தா இந்த விவாதமே இல்லையே.

#6 நடுக்களம்

சரியான கேள்வி. அப்போது டாட்ஜர்ஸுக்கு வீசியவர் ஹாங்க் பெர்மன். லிண்டல் சிங்கிள். ரிசூட்டோ அடித்ததில் லிண்டல் இரண்டாவது பேஸில் அவுட், ரிசூட்டோ முதல் பேஸில். அடுத்து பெவன்ஸே பேட் பிடித்தார். அன்று பிட்சருக்குப் பதில் நிரந்தரமாக பேட் பிடிக்க ஆள் வைக்கும் விதி கிடையாது. நோ-ஹிட்டரில் இருப்பவரை எடுத்துவிட்டுப் பின்ச் ஹிட்டர் (மாற்று பேட்டர்) அனுப்ப எந்த மேனேஜருக்கும் மனம் வராது. பெவன்ஸ் பண்ட் தட்டினார், இரண்டாவது பேஸுக்கு வந்த எறி தாமதமானதால் இருவருமே பிழைத்தார்கள். ஸ்டர்ன்வைஸ் சிங்கிள். பேஸ் நிறைந்தது.

அப்போது ஹக் கேசி வந்தார். ஹென்ரிக்குக்கு ஒரே ஒரு பந்து. தரையோடு நேராகக் கேசியிடமே வந்தது. அவர் எட்வர்ட்ஸிடம் எறிந்து ஹோமில் ஒரு அவுட், எட்வர்ட்ஸ் ராபின்சனிடம் எறிந்து முதல் பேஸில் இன்னொன்று. புள்ளியட்டையில் 1-2-3 (பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்மேன் 3) என்று விழும் டபுள் பிளே, அடிக்கடி பார்க்கக் கிடைக்காதது. கீழ்ப் பாதியில் டாட்ஜர்ஸ் முன்னிலை பெற்றபோது கணக்கில் இருந்த பிட்சர் கேசி என்பதால், ஒரே பந்து வீசி உலகத் தொடர் வெற்றி அவர் பெயரில் ஏறியது. முந்தைய நாள் மூன்றாவது ஆட்டமும் அவர் பெயரில்தான்.

1941-ஐ இங்கே சொல்லாமல் போக முடியாது. அதே மைதானம், அதுவும் நாலாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், அதே கேசி, அதே ஹென்ரிக். மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் மிக்கி ஓவன் பிடிக்கத் தவறியதால் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் நீண்டு, யாங்கீஸ் 7-4 என்று வென்றது. ஆறு வருடம் கழித்து ஹென்ரிக் ஒரே பந்தில் கடனைத் திருப்பிக் கொடுத்தார்.

#7 குறும்பன்

பாவம் ஹென்ரிக். கீழ்ப் பாதியில் சுவரோடு மல்லுக்கட்டப் போறதும் அவர்தானே.

#8 புள்ளியட்டை

அதற்கு வருவோம். இப்போது ஒன்பதாவதின் கீழ்ப் பாதி.

எட்வர்ட்ஸ் லெஃப்ட் ஃபீல்டில் ஆழமாக அடித்தார், லிண்டல் சுவர் ஓரமாகப் பிடித்தார். ஒரு அவுட். ஃபுரில்லோவுக்கு வாக், பெவன்ஸின் ஒன்பதாவது. ஜார்கென்சன் பவுல் எல்லைக்குள் தூக்க, முதல் பேஸ்மேன் மெக்குவின் பிடித்தார். இரண்டு அவுட்.

டாட்ஜர்ஸ் மேனேஜர் பர்ட் ஷாட்டன் இங்கே இரண்டு மாற்றம் செய்தார். ஃபுரில்லோவுக்குப் பதில் ஓட ஜியான்ஃப்ரிடோ. பிட்சர் கேசிக்குப் பதில் பேட் பிடிக்க ரைசர். ரைசர் முந்தைய நாள் இரண்டாவது பேஸில் சறுக்கியபோது கணுக்காலில் அடிபட்டவர். அன்று ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை. எலும்பு முறிந்திருந்தது பின்னால்தான் வெளியே தெரிந்தது.

எண்ணிக்கை 2-1 ஆக இருந்தபோது, அடுத்த பந்துக்கு ஜியான்ஃப்ரிடோ ஓடினார். புறப்படும்போதே கால் சற்று வழுக்கியது. பெர்ராவின் எறி உயரமாக வந்தது. ரிசூட்டோ பிடித்துக் கீழே இறக்குவதற்குள் ஜியான்ஃப்ரிடோ தலை முன்னால் பாய்ந்து பேஸைத் தொட்டார். இரண்டாவது பேஸ் அம்பயர் பேப் பினெல்லி ‘சேஃப்’ என்றார். அந்தப் பந்தும் பால். 3-1.

ரைசருக்கு வாக் வந்தது இதற்குப் பிறகுதான். வரிசை முக்கியம். முதல் பேஸ் காலியானதே திருட்டால்.

#9 கணக்கப்பிள்ளை

திருட்டு எவ்வளவு பெரிய சூதாட்டம்னு பாருங்க. பிடிபட்டா அதுவே மூணாவது அவுட். ஆட்டம் முடிஞ்சது, நோ-ஹிட்டரும் முடிஞ்சது, தொடர் 3-1. ரைசர் மட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பார்.

கணக்கு எப்படிப் போடணும்னா: முதல் பேஸ்ல ஆள், ரெண்டு அவுட். அங்கிருந்து ரன் வர டபுள் வேணும், இல்லன்னா அடுத்தடுத்து ரெண்டு நல்லது நடக்கணும். ரெண்டாவது பேஸ்ல நின்னா ஒரு சிங்கிளே பெரும்பாலும் போதும். பேட்டர் நாலுக்கு ஒரு தடவை ஹிட் அடிப்பார், பன்னண்டுக்கு ஒரு தடவை டபுளோ அதுக்கு மேலயோ அடிப்பார்னு தோராயமா வைங்க. வாக்கெல்லாம் விட்டுட்டா, திருட்டு மூணுக்கு ஒரு தடவை ஜெயிச்சாலே கணக்கு சரியாயிடும். சாதாரண இன்னிங்ஸ்ல திருட்டு மூணுல ரெண்டு தடவைக்கு மேல ஜெயிச்சாத்தான் லாபம். ரெண்டு அவுட், கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கல்ங்கிற இடத்துல மட்டும் அந்தக் கோடு இவ்வளவு கீழ இறங்குது.

இதுல பெவன்ஸ் உசரம் ஆறடி மூணு அங்குலத்துக்கு மேல, எடை 210 பவுண்டு. அந்த உடம்பு கையைச் சுத்தி வீச நேரம் எடுக்கும். ஷாட்டன் ஓடச் சொன்னது துணிச்சல் மாதிரித் தெரியும், கணக்குல அது சரியான முடிவு.

#10 மூன்றாம்அம்பயர்

திருட்டைத் தடுக்கும் வேலை கேட்சருடையது மட்டும் என்று நினைப்பவர்களுக்காக. பேஸுக்குப் பேஸ் 90 அடி. பிட்சர் நிற்கும் ரப்பரிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் குறுக்காக 127 அடிக்குச் சற்று மேல். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கைக்கு வர 1.3 வினாடி, கேட்சர் கையிலிருந்து இரண்டாவது பேஸுக்கு 2 வினாடி என்பது நல்ல ஜோடிக்கான பொதுவான அளவு. ஓடுபவருக்கு மூன்றரை வினாடிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். பிட்சர் 0.2 வினாடி தாமதித்தால் எந்தக் கேட்சராலும் அதை மீட்க முடியாது.

கேட்சரும் இங்கே பலவீனம்தான். 1947-ல் பெர்ரா பின்னாளில் நாம் அறிந்த பெர்ரா இல்லை. அவுட்ஃபீல்டிலும் நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்த இளைஞர். டாட்ஜர்ஸ் அந்தத் தொடரில் அவரைக் குறிவைத்தே ஓடினார்கள். இதே ஆட்டத்தில் ரீஸ் ஏற்கெனவே ஒரு பேஸைத் திருடியிருந்தார், பெர்ரா பெயரில் ஒரு எரரும் உண்டு. அப்படியிருக்க, ஒரு ரன் முன்னிலையில், இரண்டு அவுட்டில், ஓடவென்றே வந்திருக்கும் ஆளை முதல் பேஸோடு கட்டிப்போட யாங்கீஸ் எடுத்த முயற்சி போதவில்லை. திரும்பத் திரும்ப முதல் பேஸுக்கு எறிய வேண்டும், பந்தைக் கையில் வைத்துக் காக்க வைக்க வேண்டும், ஓடுவான் என்று சந்தேகம் வந்தால் வெளியே ஒரு வேகப்பந்து கேட்டு கேட்சர் எழுந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை 2-1 ஆகிவிட்டால் மட்டும் அந்தக் கடைசி வழி செலவு மிக்கது, அதனால் 3-1 ஆகிவிடும். ஷாட்டன் 2-1 வரை காத்திருந்ததன் நியாயம் அதுதான்.

#11 கொழும்புத்துறை

சரி, இப்ப ஹாரிஸ் விசயத்துக்கு வாங்கோ. ரைசருக்குக் கால் முறிஞ்சு கிடக்கு. அந்த மனுசனாலை முதல் பேசுக்கே ஓடேலாது. தரையோடை எங்கை அடிச்சாலும் அவுட். அப்பிடியான ஆளுக்கு வீசாமல், வெற்றி ரன்னை ஏத்தி, அதுக்கு மேலை மிக்சிஸ் போல 21 வயசுப் பெடியனை ஓட விட்டது பிழைதானே?

#12 புள்ளியட்டை

முறிவு என்பது அன்று யாங்கீஸுக்குத் தெரியாது. நொண்டுகிறார் என்பது தெரியும். ஆனால் நொண்டுகிறவர் பந்தைச் சுவருக்கு மேலே அனுப்பிவிட்டால் நடந்தே வரலாம்.

எபெட்ஸ் ஃபீல்டில் ரைட் ஃபீல்டு கோடு வழியே சுவர் 297 அடியிலேயே வந்துவிடும். ரைசர் இடக்கை பேட்டர், பெவன்ஸ் வலக்கை பிட்சர், அதாவது பந்து அவருக்கு நன்றாகத் தெரியும் பக்கத்திலிருந்து வரும். எண்ணிக்கை 3-1. அடுத்த பந்து ஸ்டிரைக்காகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்து, நேரான வேகப்பந்துக்குக் காத்திருக்கலாம். அந்த வருடம் அவர் சராசரி .309. அவருக்கு அடுத்து வருவது ஸ்டாங்கி, வலக்கை, சராசரி .252. பலசாலி பேட்டர் அல்ல.

இதற்கும் மேல், பெவன்ஸ் அதுவரை ஒன்பது பேருக்கு வாக் கொடுத்தவர். 3-1-ல் ரைசருக்கு அவர் உண்மையாகவே வீசியிருந்தாலும் பத்தாவது வாக் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஹாரிஸ் வெற்றி ரன்னை ஏற்றினார் என்பதை விட, ஏறத்தாழ ஏறிவிட்ட ரன்னை ஒப்புக்கொண்டார் என்பதே பொருந்தும்.

#13 கணக்கப்பிள்ளை

ஒத்துக்க மாட்டேன், அண்ணே. சராசரி .309 சரி. ஆனா ரைசர் 1947-ல 110 ஆட்டத்துல அடிச்ச ஹோம் ரன் 5. ஐந்துதான். 297 அடிச் சுவர்னு சொல்றீங்க, அந்தச் சுவரோட உசரத்தையும் சொல்லணும். அதுக்கு மேல அடிக்கிறது அவ்வளவு லேசு இல்ல.

ரைசருக்கு வீசினா அந்த இடத்துலயே யாங்கீஸ் தோக்க ஹோம் ரன் ஒண்ணுதான் வழி. சிங்கிள் வந்தா சமன். டபுள் வந்தாலும் சமன்தான், ஆட்டம் தொடரும். வாக் கொடுத்துட்டா டபுளே தோல்வி. ஹோம் ரன் பயத்துல டபுளுக்குக் கதவைத் திறந்து விட்டாங்க. ஐந்து ஹோம் ரன் ஆளுக்கு அது கட்டுப்படியாகாத பேரம்.

வாக் கொடுத்ததால ரெண்டாவது, மூணாவது பேஸ்லயும் கட்டாய அவுட் (ஓடுற ஆளைத் தொடாம பேஸைத் தொட்டாலே அவுட்) கிடைக்கும்னு சொல்லுவாங்க. ரெண்டு அவுட் ஆனப்புறம் அதோட மதிப்பு ரொம்பக் குறைவு. நொண்டுற பேட்டரை முதல் பேஸ்ல எடுக்கிறதே அதைவிடச் சுலபம்.

#14 புள்ளியட்டை

உங்கள் கணக்கு ரைசர் ஸ்டிரைக்கை அடிப்பதாக வைத்துத் தொடங்குகிறது. பெவன்ஸ் ஸ்டிரைக் வீசுவார் என்பதற்கு எட்டரை இன்னிங்ஸ் ஆதாரம் எதிராக இருக்கிறது. ஹாரிஸ் கையில் இருந்த இன்னொரு வழி பிட்சரை மாற்றுவது. ஜோ பேஜ் அந்த அணியின் பெரிய ரிலீஃப் பிட்சர் (நடுவில் வந்து வீசுபவர்), ரைசரைப் போலவே இடக்கை. ஆனால் பேஜ் முந்தைய நாள்தான் வீசியிருந்தார். யாங்கீ ஸ்டேடியமும் எபெட்ஸ் ஃபீல்டும் ஒரே நகரத்தில் இருந்ததால் அந்தத் தொடரில் ஓய்வு நாளே இல்லை, செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 6 வரை ஏழு நாளில் ஏழு ஆட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹிட்டே கொடுக்காதவரை ஒன்பதாவதில் எடுக்கும் தைரியம் 1947-ல் யாருக்கும் வராது.

#15 மூன்றாம்அம்பயர்

ஷாட்டன் பக்கத்தையும் பாருங்கள். வழக்கமான மேனேஜர் லியோ டுரோச்சரை கமிஷனர் ஹாப்பி சாண்ட்லர் அந்த சீசன் முழுக்க விலக்கி வைத்ததால் வந்தவர் இவர். சீருடை போடாமல் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார், அதனால் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். அவர் பெஞ்சில் இருந்த நல்ல இடக்கை பின்ச் ஹிட்டர் ஆர்கி வான் ஏழாவதில் கிரெக்குக்குப் பதில் வந்து, அவரும் வாக் வாங்கிப் போய்விட்டார். ஹாரிஸ் ரைசரை நடக்கவிடும்போது இதைக் கணக்கில் வைத்திருப்பார்: எதிரே வரக்கூடியது ஸ்டாங்கி, அல்லது பெஞ்சிலிருந்து வலக்கை ஆள்.

ஸ்டாங்கிக்குப் பதில் வந்தவர் குக்கி லாவஜெட்டோ. வயது 34. அந்த சீசன் முழுக்க 69 தடவை மட்டையோடு நின்று 18 ஹிட். தன் வலிமை முழுக்க லெஃப்ட் ஃபீல்டு பக்கம் இழுத்து அடிப்பதில் இருந்த வலக்கை பேட்டர். அவருக்கு வேகமாக, உயரமாக, வெளிப்பக்கம் வீசு என்பது யாங்கீஸின் திட்டம். முதல் பந்தை வீசி அடித்துத் தவறவிட்டார். இரண்டாவது பந்து திட்டப்படியேதான் போனது. லாவஜெட்டோ இழுக்காமல், வந்த வழியே ரைட் ஃபீல்டுக்குத் தள்ளிவிட்டார்.

#16 மாடிவரிசை

இனி சுவர். இதைத் தெரியாமல் யாங்கீஸின் ரைட் ஃபீல்டர் ஹென்ரிக்கைத் திட்டக் கூடாது.

எபெட்ஸ் ஃபீல்டின் ரைட் ஃபீல்டு சுவர் ஒரே சமதளம் கிடையாது. கான்கிரீட் சுவரின் கீழ்ப் பாதி சாய்வாக இருக்கும். மேல் பாதி செங்குத்து. அதற்கு மேலே கம்பி வலை. எல்லாம் சேர்த்து 38 அடி, அதில் ஏறக்குறைய பாதி வலை. இது போதாதென்று நடுவே ஸ்கோர்போர்டு சுவரை விட்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பந்து வலையில் பட்டால் சொத்தென்று நேராகக் கீழே விழும். செங்குத்துப் பகுதியில் பட்டால் வேகமாகத் திரும்பி வரும். சாய்வில் பட்டால் மேலே எகிறும். வளைவில் பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டிக்ஸி வாக்கர் பல வருடம் அங்கே நின்று அந்தக் கோணங்களைப் பழகியவர். விருந்தாளி அணிக்கு அந்த வசதி இல்லை.

எட்டாவதில் ஹெர்மான்ஸ்கி அடித்ததை ஹென்ரிக் அதே ஸ்கோர்போர்டு ஓரம் எம்பிப் பிடித்து நோ-ஹிட்டரைக் காப்பாற்றியிருந்தார். லாவஜெட்டோவின் பந்து வரும்போது அவருக்கு இரண்டு வேலை. நோ-ஹிட்டரைக் காக்க வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டி எம்ப வேண்டும். ஆட்டத்தைக் காக்க வேண்டுமென்றால் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, திரும்பி வரும் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஹென்ரிக் பின்வாங்கிப் போனார், பந்து அவருக்கு எட்டாத உயரத்தில் சுவரில் பட்டது, திரும்பி வந்ததை முதலில் சரியாகப் பற்ற முடியவில்லை. பிறகு மெக்குவினிடம் எறிந்தார், மெக்குவின் பெர்ராவிடம். அதற்குள் ஜியான்ஃப்ரிடோவும், முதல் பேஸிலிருந்து ஓடிவந்த மிக்சிஸும் ஹோமைத் தொட்டுவிட்டார்கள்.

#17 நடுக்களம்

மிக்சிஸ் ஓட்டத்தில் ஒரு நுணுக்கம். இரண்டு அவுட் ஆகிவிட்டால் ஓடுபவர், பந்து பிடிபடுமா என்று பார்த்து நிற்கத் தேவையில்லை. மட்டையில் பட்ட சத்தத்தோடு கிளம்பலாம். பிடிபட்டால் எப்படியும் ஆட்டம் முடிந்துவிடும். ஒரே அவுட் என்றால் ஹென்ரிக் எம்பும்வரை மிக்சிஸ் முதல், இரண்டாவது பேஸுக்கு நடுவே காத்திருக்க வேண்டியிருக்கும், மூன்றாவது பேஸோடு நின்றிருப்பார். ஜார்கென்சனின் பவுல் கேட்ச் யாங்கீஸுக்கு ஒரு அவுட் கொடுத்தது, கூடவே டாட்ஜர்ஸ் கால்களுக்கும் விடுதலை கொடுத்தது.

கணக்கப்பிள்ளை சொன்னதை இந்த இடத்தில் ஏற்கிறேன். நொண்டும் ரைசர் பேஸில் நின்றிருந்தால் அந்த டபுளில் மூன்றாவது பேஸைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் வாக் கொடுத்தால் ஷாட்டன் ஆள் மாற்றுவார் என்பது முன்பே தெரிந்ததுதானே.

#18 கணக்கப்பிள்ளை

அதைத்தான் சொல்றேன், தெரிஞ்சே கொடுத்தாங்க.

#19 குறும்பன்

அந்தக் காலத்தில் வேண்டுமென்றே வாக் கொடுக்க நாலு பந்தும் வீசியாகணுமாமே? இப்போ கை காட்டினாலே போதும்னு இருக்கே.

#20 மூன்றாம்அம்பயர்

ஆமாம், 2017 முதல் மேஜர் லீக்கில் மேனேஜர் சைகை காட்டினால் போதும். 1947-ல் ஒவ்வொரு பாலையும் கேட்சர் எழுந்து வெளியே நகர்ந்து வாங்க வேண்டும். ரைசர் விஷயத்தில் எண்ணிக்கை ஏற்கெனவே 3-1, அதனால் வீசியது ஒரே ஒரு பந்து. முழுதாக நாலு பந்து வீசிய வாக் என்று நினைத்துத்தான் பலர் ஹாரிஸைக் கூடுதலாகத் திட்டுகிறார்கள்.

#21 கொழும்புத்துறை

வானொலியிலை நோ-ஹிட்டர் எண்டு சொன்னதாலைதான் திருஷ்டி பட்டது எண்டு ஒரு கதை இருக்கே, அது என்ன?

#22 நடுக்களம்

மியூச்சுவல் வானொலியில் மெல் ஆலனும் ரெட் பார்பரும் ஆட்டத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். நோ-ஹிட்டர் நடக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது ஆட்டக்காரர் சம்பிரதாயம். ஆலன் அதைக் காத்தார். பார்பர் ஒலிவாங்கியை வாங்கியதும் டாட்ஜர்ஸ் ஹிட் எண்ணிக்கை பூஜ்யம் என்று வெளிப்படையாகச் சொன்னார். யாங்கீஸ் ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கேட்பவனுக்கு ஸ்கோரைச் சொல்வதுதான் அறிவிப்பாளர் வேலை. பார்பர் செய்தது சரி.

#23 மாடிவரிசை

அந்த மூவரின் பின்கதையும் விநோதம். பெவன்ஸ், லாவஜெட்டோ, ஜியான்ஃப்ரிடோ மூவருமே இந்தத் தொடருக்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. மறுநாள் ஐந்தாவது ஆட்டத்தில், மறுபடியும் 2-1 பின்தங்கிய ஒன்பதாவதில், லாவஜெட்டோவையே பின்ச் ஹிட்டராக அனுப்பினார்கள். ஸ்பெக் ஷே அவரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஆறாவதில் ஜியான்ஃப்ரிடோ டிமாஜியோவின் நீண்ட அடியை யாங்கீ ஸ்டேடியத்தின் இடப்பக்க வேலியோரம் பிடித்தார், டாட்ஜர்ஸ் 8-6. ஏழாவதில் பெவன்ஸ் நடுவில் வந்து இரண்டே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவாக, ரன் கொடுக்காமல் வீசினார். பேஜ் முடித்து வைத்தார், 5-2, கோப்பை யாங்கீஸுக்கு.

நோ-ஹிட்டர் கடைசியில் 1956 அக்டோபர் 8-ல் டான் லார்சனுக்கு வாய்த்தது, அதுவும் பெர்ஃபெக்ட் கேமாக. எதிரணி இதே டாட்ஜர்ஸ். கேட்சர் பெர்ரா. ஹோம் பிளேட் அம்பயர், ஜியான்ஃப்ரிடோவுக்கு ‘சேஃப்’ சொன்ன அதே பினெல்லி.

#24 குறும்பன்

புள்ளியட்டை, லாவஜெட்டோ அடியை அட்டையில் எப்படிக் குறிக்கணும்? அவருக்கு எத்தனை ரன் கணக்கில் சேரும்? பெவன்ஸ் பெயரில் எத்தனை?

#25 புள்ளியட்டை

ஸ்டாங்கியின் வரிசைக்குக் கீழேயே லாவஜெட்டோவுக்குத் தனி வரி. ஒன்பதாவது கட்டத்தில் இரண்டு பேஸ் கோடு, பக்கத்தில் ரைட் ஃபீல்டுக்கான 9. அவர் உள்ளே கொண்டுவந்த ரன் 2. பேட்டர் பத்தியில் ரன் இல்லை, ஏனென்றால் மிக்சிஸ் ஹோம் தொட்டதுமே ஆட்டம் முடிந்துவிட்டது. ரன்கள் ஜியான்ஃப்ரிடோ பெயரிலும் மிக்சிஸ் பெயரிலும் போகும், ஃபுரில்லோ, ரைசர் வரிகளில் வாக் மட்டும் நிற்கும்.

பெவன்ஸுக்கு 8⅔ இன்னிங்ஸ், ஹிட் 1, வாக் 10, ஸ்டிரைக் அவுட் 5, ரன் 3, மூன்றும் அவர் பொறுப்பிலேயே. எரரால் வந்தது ஒன்றும் இல்லை. ரன் அடித்த மூவருமே வாக்கில் ஏறிய இடங்கள்: ஜார்கென்சன், ஃபுரில்லோ, ரைசர். யாங்கீஸின் முதல் ரன்னைத்தான் பிட்சர் கணக்கில் சேர்க்கக் கூடாது. ரீஸ் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஒரு அவுட், பிறகு மெக்குவின், அதற்குப் பிறகு ஜான்சன், இன்னிங்ஸ் ரன் இல்லாமல் முடிந்திருக்கும்.

மொத்த வரி: யாங்கீஸ் 2 ரன், 8 ஹிட், 1 எரர். டாட்ஜர்ஸ் 3 ரன், 1 ஹிட், 3 எரர்.